சரக்கு ஏன் பூமிக்கடியில் போகவேண்டும்? ஓர் எளிய விளக்கம்

"இனிமேல் லாரியே வேண்டாம், எல்லாச் சரக்கும் பூமிக்கடியில் போய்விடும்" என்கிறார் ஒருவர். "அது ஹைப்பர்லூப்தானே, காற்றை உறிஞ்சிய குழாய்க்குள் மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகம்" என்கிறார் இன்னொருவர். "சுரங்கம் தோண்டுகிற காசுக்கு நாலு நெடுஞ்சாலை போட்டுவிடலாம்" என்று முடித்துவைக்கிறார் மூன்றாமவர். நிலத்தடிச் சரக்குப் போக்குவரத்து பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்ளேயே சுற்றுகிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சரக்கு நிலத்தடியில் உண்மையில் எப்படிப் போகிறது என்பதை யாரும் தொடுவதில்லை. இது சுற்றுச்சூழலுக்கு நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

## தண்ணீர் லாரியும் தண்ணீர்க் குழாயும்

சென்னைக்கு வீராணம் ஏரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியது 2004இல். தூரம் 200 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவருவதற்காகப் போட்ட திட்டம் அது. இதே தண்ணீரை லாரியில் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். 9,000 லிட்டர் லாரி என்றால் தினமும் 20,000 லோடு. நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 14 லாரி. அதாவது நாலு நொடிக்கு ஒரு லாரி, ராத்திரி பகல் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. வந்த லாரியெல்லாம் காலியாகத் திரும்பிப் போகவும் வேண்டும்.

இப்போது குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரிய குடிநீர்க் குழாய்களில் தண்ணீர் பொதுவாக நொடிக்கு ஒரு மீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே, நகரும். ஆள் நடக்கிற வேகம்தான். ஏரியிலிருந்து கிளம்பிய சொட்டு நகரத்துக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். லாரி ஐந்தாறு மணி நேரத்தில் வந்துவிடும். ஆனாலும் ஜெயிப்பது குழாய்தான். ஏனென்றால் அது நிற்பதே இல்லை.

இதைத் தொடர் ஓட்டம் என்று சொல்லலாம்: சரக்கு மொத்தமாக ஏறி, ஓடி, நின்று, இறங்காமல், சிறுசிறு அளவில் இடைவிடாமல் நகர்ந்துகொண்டே இருப்பது. ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. ஒரு மணி நேரத்தில் மறுமுனையில் எவ்வளவு வந்து விழுகிறது என்பதுதான் கணக்கு.

தண்ணீரும் சரக்குதான் என்று ஒப்புக்கொண்டால், நிலத்தடிச் சரக்குப் போக்குவரத்து நமக்குப் புதிதே இல்லை. மணலியில் சுத்திகரித்த பெட்ரோலும் டீசலும் திருச்சிக்கும் மதுரைக்கும் போக, இந்தியன் ஆயில் நிறுவனத்தின் குழாய் மண்ணுக்கடியில் இருக்கிறது. மேலே வயலில் உழுகிறவருக்குக் கீழே ஓடுவது தெரிவதுகூட இல்லை.

இதுவரை பார்த்தது: நிலத்தடிப் போக்குவரத்தின் பலம் வேகத்தில் இல்லை, நிற்காத ஓட்டத்தில் இருக்கிறது. திரவத்துக்கு இது பழைய வித்தை. அரிசி மூட்டைக்கும் மருந்துப் பெட்டிக்கும் இதை எப்படிச் செய்வது என்பதுதான் அடுத்தது.

## திடப்பொருளைக் குழாயில் விட முடியுமா?

பொடியாக்கித் தண்ணீரில் கலந்து விடலாம். சாந்து போன்ற இந்தக் கலவைக்கு ஸ்லரி என்று பெயர். கர்நாடகத்தின் குதுரேமுக் சுரங்கத்திலிருந்து இரும்புத்தாது இப்படித்தான் மலையிறங்கி மங்களூருக்குப் போனது. ஆனால் அமெரிக்காவின் அரிசோனாவில் பிளாக் மேசா நிலக்கரிக் குழாயின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1970 முதல் 2005 வரை, சுமார் 440 கிலோமீட்டர் தூரத்துக்கு நிலக்கரித் தூளைத் தண்ணீரில் கலந்து அனுப்பினார்கள். சாலையில் ஒரு லாரி இல்லை, புகை இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் ஹோப்பி, நவாஹோ பழங்குடிகள் குடிப்பதற்கு நம்பியிருந்த நிலத்தடி நீர். வறண்ட பூமியில் குடிநீரை எடுத்து நிலக்கரியைத் தள்ளியதை அந்த மக்கள் வருடக்கணக்கில் எதிர்த்துப் போராடினார்கள். "நிலத்தடி" என்ற சொல் இருந்துவிட்டால் மட்டும் ஒரு திட்டம் பசுமையாகிவிடாது. இந்தத் துறை பற்றிப் படிக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

காற்றால் தள்ளலாம். பாரிஸில் 1866 முதல் 1984 வரை கடிதங்கள் காற்றழுத்தக் குழாயில் பறந்தன. பிராகில் 2002 வெள்ளம் வரும்வரை இந்த அஞ்சல் ஓடியது. ஆனால் குழாய் பெரிதாகப் பெரிதாகக் காற்றுக் கசிவும் அழுத்தம் கொடுக்கும் செலவும் கட்டுக்கு அடங்காது. 1863இல் லண்டனில் சின்ன வண்டிகளையே காற்றால் தள்ளிப் பார்த்தார்கள். பத்து வருடத்துக்குச் சற்று மேல் தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான்.

மிஞ்சுவது மூன்றாவது வழி: சுரங்கம் தோண்டி, அதில் ஓட்டுநர் இல்லாத சின்ன மின்வண்டிகளை விடுவது. இன்று நிலத்தடிச் சரக்கு என்று உலகம் பேசுவது பெரும்பாலும் இதைத்தான். இதற்கு அருமையான முன்னோடி ஒன்று லண்டனில் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கிறது.

## 75 வருடம் ஓடிய தபால் ரயில்

லண்டன் தெருக்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நெரிசல் தாங்க முடியவில்லை. தபால் வண்டிகள் மாட்டிக்கொண்டு நின்றன. 1913இல் சட்டம் போட்டு, தபாலுக்கென்றே தனிச் சுரங்கம் தோண்டினார்கள். நடுவில் முதல் உலகப் போர் வந்தது. சுரங்கம் தயார், ரயில் இல்லை. அருங்காட்சியகங்களின் ஓவியங்களைக் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். கடைசியில் 1927 டிசம்பரில் ஓட ஆரம்பித்தது.

மேற்கே பேடிங்டனிலிருந்து கிழக்கே வைட்சேப்பல் வரை பத்தரைக் கிலோமீட்டர். எட்டு நிலையங்கள். தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. சுரங்கத்தின் குறுக்களவு ஒன்பது அடி, அதற்குள் இரண்டு தடம். போக ஒன்று, வர ஒன்று. ஓட்டுநர் கிடையாது. மின்சாரத்தை இணைத்தால் ரயில் கிளம்பும், துண்டித்தால் நிற்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. நிலையங்களை ஓட்டச் சுரங்கத்தைவிடச் சற்று மேட்டில் கட்டியிருந்தார்கள். நிலையத்துக்குள் நுழைகிற ரயில் இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் ஏறவேண்டும். ஏறும்போது தானாகவே வேகம் குறையும், பிரேக்குக்கு வேலை குறைவு. கிளம்பும்போது அதே சரிவில் இறங்கும், மோட்டாருக்கு வேலை குறைவு. நிறுத்தும்போது இழந்திருக்கவேண்டிய ஆற்றலை மேடு வாங்கி வைத்துக்கொண்டு, கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கிறது. நிலையம் மேலே இருப்பதால் தபால் மூட்டையைத் தெருமட்டத்துக்குத் தூக்கும் உயரமும் குறைகிறது. கணினி, சென்சார் எதுவும் இல்லாத காலத்தில் வெறும் மண் சரிவை வைத்துச் செய்த சிக்கனம்.

உச்சத்தில் நாளொன்றுக்கு 40 லட்சம் கடிதங்கள் வரை அதில் போயின. தெருவில் அத்தனை வண்டி குறைவு. அப்படியிருந்தும் 2003 மே மாதத்தில் மூடிவிட்டார்கள். காரணத்தைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் முழு விஷயத்தின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது.

## ஆற்றல் எங்கே மிச்சமாகிறது?

ஒரு லாரியை நகர்த்தும் ஆற்றல் முக்கியமாக மூன்று இடங்களில் செலவாகிறது. முதலாவது, டயர் அமுங்கி உருள்வதில். இதற்கு உருளல் தடை என்று பெயர். ரப்பர் டயர் தார்ச்சாலையில் உருளுவதைவிட இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் உருளுவதற்குப் பலமடங்கு குறைவான தடைதான். இரண்டாவது, காற்றைக் கிழித்துக்கொண்டு போவதில். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மூன்றாவது, நின்று நின்று கிளம்புவதில். சிக்னலில் ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் அதுவரை சேர்த்த வேகமெல்லாம் சூடாகிப் போய்விடுகிறது.

சுரங்க வண்டிக்கு இந்த மூன்றிலும் சாதகம் உண்டு, ஒரு நிபந்தனையோடு: மெதுவாகப் போகவேண்டும். குறுகிய சுரங்கத்தில் வேகமாகப் போனால், வண்டி தன் முன்னால் இருக்கும் காற்றையெல்லாம் அடைப்பான் மாதிரி தள்ளிக்கொண்டு போகவேண்டியிருக்கும். திறந்தவெளியைவிட அது மோசம். அதனால்தான் இந்தத் திட்டங்கள் மணிக்கு 30, 40 கிலோமீட்டரோடு நின்றுவிடுகின்றன. படித்ததும் ஏமாற்றமாகத் தோன்றலாம். ஜெர்மனியில் போகம் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உருவான கார்கோகேப் திட்டம் மணிக்கு 36 கிலோமீட்டரைத்தான் எடுத்துக்கொண்டது. கணக்குப் போட்டால் புரியும்: மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம், வண்டிக்கு வண்டி 50 மீட்டர் இடைவெளி என்றால் ஒரு மணி நேரத்தில் 600 வண்டிகள் ஒரு இடத்தைக் கடக்கும். ஆறு நொடிக்கு ஒன்று. சிக்னல் இல்லை, மழை இல்லை, குறுக்கே வருகிற மாடு இல்லை.

சாலைக்கும் இதில் லாபம் இருக்கிறது. அச்சின் மீதுள்ள பாரம் இரண்டு மடங்கானால் சாலையின் தேய்மானம் சுமார் 16 மடங்காகும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. சாலையைப் பெயர்ப்பது கார்களைவிடக் கனரக வாகனங்கள்தான். அவை கீழே போனால், மேலே இருக்கிற சாலை அதிக நாள் உழைக்கும். மின்சார லாரி வந்தாலும் இந்தத் தேய்மானமும், டயர்த் தூசியும், விபத்தும் போகாது.

சுருக்கமாக: மெதுவாக, நிற்காமல், மின்சாரத்தில் ஓடுவதால் ஓட்டத்துக்கான ஆற்றல் குறைவு. அந்த மின்சாரம் நிலக்கரியில் வந்தால் லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

## தோண்டுவதற்கும் ஒரு விலை உண்டு

ஓட்டத்தை மட்டும் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் மறந்துவிடுகிற பக்கம் இது. சுரங்கம் சும்மா வருவதில்லை. உள்சுவர் முழுக்கக் கான்கிரீட். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. ஒரு கட்டுமானம் பயன்பாட்டுக்கு வரும் முன்பே, அதைக் கட்டும்போதே வெளியான வாயுவைப் பொதிந்த கார்பன் என்பார்கள். முதல் வண்டி ஓடும் நாளிலேயே சுரங்கம் இந்தக் கடனோடுதான் பிறக்கிறது. தினமும் மிச்சமாகும் டீசலால் அந்தக் கடன் அடைய வேண்டும்.

கடன் எவ்வளவு என்பதைக் குறுக்களவு தீர்மானிக்கிறது. ஆறு மீட்டர் குறுக்களவுள்ள சுரங்கம், அதாவது ஏறத்தாழ சென்னை மெட்ரோவின் ஒரு சுரங்கக் குழாய் அளவு. அதில் ஒரு மீட்டர் முன்னேற 28 கன மீட்டர் மண் எடுக்கவேண்டும். 70 கிலோமீட்டருக்கு சுமார் 20 லட்சம் கன மீட்டர். ஒரு டிப்பர் லாரிக்கு 14 கன மீட்டர் என்று வைத்தால் 1,40,000 லோடுக்கும் மேல், தோண்டிய மண் உப்புவதைக் கணக்கில் சேர்க்காமலே. இதே சுரங்கம் இரண்டு மீட்டர் குறுக்களவு என்றால் மண் ஒன்பதில் ஒரு பங்குதான். குறுக்களவு மூன்றில் ஒன்றானால் மண் ஒன்பதில் ஒன்றாகிறது. கார்கோகேப் போன்ற திட்டங்கள் வண்டியைச் சின்னதாக, இரண்டு பேலட் மட்டும் ஏற்றும்படி வடிவமைத்தது இதனால்தான். பேலட் என்பது ஃபோர்க்லிஃப்ட் தூக்குவதற்கு வசதியாகச் சரக்கை அடுக்கும் மரத்தட்டு. ஐரோப்பாவில் அதன் அளவு 120 சென்டிமீட்டருக்கு 80.

"துறைமுகத்துக் கன்டெய்னரை அப்படியே சுரங்கத்தில் அனுப்பிவிடலாமே, எண்ணூர் சாலையில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்க வேண்டாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சாலையோரம் வாழ்கிறவர்கள் சுவாசிப்பதை நினைத்தால் கேள்வி நியாயமானது. ஆனால் கன்டெய்னர் இரண்டரை மீட்டர் அகலம், அதற்கும் சற்று மேல் உயரம். அது போக வர வேண்டுமென்றால் சுரங்கம் பெரிதாகிவிடும், கான்கிரீட்டும் பெரிதாகிவிடும். கன்டெய்னருக்கு நிலத்துக்கு மேலே ஓடும் சரக்கு ரயில்தான் என்றைக்கும் மலிவு. நிலத்தடிக்குப் பொருந்துவது பேலட்டும் அதைவிடச் சிறிய பெட்டியும்.

## முடிச்சு இரண்டு முனைகளில்

சரி, லண்டன் தபால் ரயில் ஏன் நின்றது? சுரங்கம் இடியவில்லை. ரயில் பழுதாகவில்லை. தபால் பிரிக்கும் அலுவலகங்கள் இடம் மாறிவிட்டன. எட்டு நிலையங்களில் பெரும்பாலானவை தபால் அலுவலகங்களுக்கு நேர் கீழே கட்டப்பட்டவை. மேலே இருந்த அலுவலகம் வேறு பேட்டைக்குப் போனதும், கீழே இருந்த நிலையத்துக்கு வேலை போனது. கடைசியில் மூன்று நிலையங்கள்தான் உபயோகத்தில் இருந்தன. மூன்று நிலையத்துக்காக முழுச் சுரங்கத்தையும் பராமரிக்கும்போது, லாரியைவிடப் பலமடங்கு செலவு என்று கணக்கு வந்தது.

சிகாகோவிலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். நகரத்தின் மையப்பகுதித் தெருக்களுக்குக் கீழே, சுமார் 12 மீட்டர் ஆழத்தில், கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் சுரங்கம் இருந்தது. கட்டடங்களின் அடித்தளத்துக்கே நிலக்கரி போகும். எரித்த சாம்பல் அதே வண்டியில் திரும்பி வரும். போகும்போதும் லோடு, வரும்போதும் லோடு. எந்த லாரிக்காரரும் கனவு காண்கிற ஏற்பாடு. கட்டடங்கள் எரிவாயுவுக்கு மாறின, மீதிச் சரக்கை லாரிகள் பிடித்துக்கொண்டன, 1959இல் ஓட்டம் நின்றது. கைவிட்ட சுரங்கத்தை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. ஆற்றில் பாலத்தைக் காக்க அடித்த தூண்கள் சுரங்கச் சுவரைப் பலவீனப்படுத்த, 1992 ஏப்ரல் 13 அன்று ஆற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து நகர மையத்தில் பல கட்டடங்களின் அடித்தளங்களை நிரப்பிவிட்டது.

சாலையில் போகிற லாரி, கடை எங்கே மாறினாலும் அங்கே போய்விடும். சுரங்கம் போகாது. அதனால் ஒவ்வொரு முனையிலும் சரக்கை லாரியிலிருந்து இறக்கி, லிஃப்டில் கீழே அனுப்பி, மறுமுனையில் மேலே ஏற்றி, மறுபடி ஒரு டெம்போவிலோ மின்வண்டியிலோ கடைக்குக் கொண்டுபோக வேண்டும். இப்படிக் கைமாறும் இடத்தை ஹப் என்கிறார்கள். ஒவ்வொரு கைமாற்றும் கூலி, நேரம், சேதம். சுரங்கத்துக்குள் பத்துக் கிலோமீட்டர் போவதற்கு இரண்டு கைமாற்று என்றால் கட்டுப்படியாகாது. 50, 100 கிலோமீட்டர், அதுவும் தினமும் ஒரே தடத்தில் ஒரே மாதிரி அடர்த்தியாகச் சரக்கு போகிறது என்றால் கணக்கு மாறும்.

## ஸ்விட்சர்லாந்து ஏன் யோசித்தது?

இந்தக் கணக்கை விரிவாகப் போட்டுப் பார்த்த நாடு ஸ்விட்சர்லாந்து. கார்கோ சூ தெர்ரேன் என்ற திட்டத்தின் முதல் கட்டம், நாட்டின் கிடங்குகள் குவிந்திருக்கும் ஹெர்கிங்கன், நீடர்பிப் பகுதியிலிருந்து சூரிச் வரை சுமார் 70 கிலோமீட்டர். ஆறு மீட்டர் குறுக்களவு, உள்ளே மூன்று தடம், ஓட்டுநரில்லாத மின்வண்டிகள், மணிக்கு 30 கிலோமீட்டர். மிக்ரோஸ், கோப் போன்ற பெரிய சில்லறை வணிக நிறுவனங்களும் ஸ்விஸ் அஞ்சல் துறையும் இதில் பங்கெடுத்தன. பின்னாளில் கிழக்கு எல்லையிலிருந்து ஜெனீவா வரை 500 கிலோமீட்டராக விரியவேண்டும் என்பது கனவு.

அங்கே இது தோன்றியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை கனரக லாரிகள் ஓட்டக்கூடாது. ஞாயிறும் கிடையாது. மக்களின் தூக்கத்துக்கு அந்த நாடு கொடுக்கும் மரியாதை அது. பகலில் நெடுஞ்சாலையும் ரயில் தடமும் நிரம்பி வழிகின்றன. சுரங்கத்துக்கு இரவும் பகலும் ஒன்று. காலி நேரம் குறையும்போதுதான் தொடர் ஓட்டத்தின் பலன் முழுசாகக் கிடைக்கும்.

2022 ஆகஸ்டில் இதற்கென்றே தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு பணம் போடாது, தனியார்தான் கட்டவேண்டும், ஆனால் சரக்கு அனுப்ப விரும்பும் எவரிடமும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது அது. முதல் கட்டத்துக்கே பல நூறு கோடி ஃபிராங்க். 2031இல் ஓடும் என்றார்கள். அந்தக் காலக்கெடு நிற்கவில்லை. தோண்டும் வேலை தொடங்காமலே திட்டம் மறுபரிசீலனைக்குப் போனது. தொழில்நுட்பத்தில் சிக்கல் என்று சொல்ல முடியாது. 30, 40 வருடம் கழித்துத் திரும்பிவரும் பணத்தை இன்றைக்கே போட யார் வருவார்கள் என்பதுதான் சிக்கல். என்னைக் கேட்டால், சாலையையும் ரயிலையும் பொதுப் பணத்தில் கட்டிவிட்டு, சுரங்கத்தை மட்டும் சொந்தக் காலில் நில் என்று சொல்வது சமமான போட்டி இல்லை.

## ஹைப்பர்லூப்போடு குழப்ப வேண்டாம்

ஹைப்பர்லூப் என்பது குழாயிலிருந்து பெரும்பாலான காற்றை உறிஞ்சிவிட்டு, அதில் வண்டியை அதிவேகத்தில் விடும் யோசனை. குழாய் மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். சென்னைக்கு அருகே தையூரில் ஐஐடி மெட்ராஸ் அமைத்த சுமார் 400 மீட்டர் சோதனைக் குழாய் தரைக்கு மேலேதான் இருக்கிறது. மாணவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் அது தீர்க்க நினைப்பது காற்றின் தடையையும் வேகத்தையும். மெதுவாகப் போனாலே காற்றின் தடை குறைந்துவிடுகிற சரக்கு வண்டிக்கு வெற்றிடக் குழாயின் செலவு தேவையில்லை. பருப்பு மூட்டைக்கு அரை மணி நேரத்தில் பெங்களூர் போயாக வேண்டிய அவசரமும் கிடையாது.

## இப்போது ஜப்பான்

ஜப்பானில் இந்தப் பேச்சு வேறொரு நெருக்கடியிலிருந்து கிளம்பியது. லாரி ஓட்ட ஆள் இல்லை. 2024 ஏப்ரல் முதல் ஓட்டுநர்களின் கூடுதல் நேர வேலைக்கு வருடத்துக்கு 960 மணி நேரம் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. ஓட்டுநரின் உடல்நலத்துக்கு அது தேவையான சட்டம், ஆனால் சரக்கு தேங்கும். அதனால் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில், சுமார் 500 கிலோமீட்டர் தூரத்துக்கு, பேலட் அளவுச் சரக்கு மட்டும் தானாக நகரும் தனித் தடத்தை அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம் திட்டமிடுகிறது.

அதில் கவனிக்கவேண்டியது, 500 கிலோமீட்டரையும் தோண்டித்தான் ஆகவேண்டும் என்று அவர்கள் அடம்பிடிக்கவில்லை. நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் இடமிருந்தால் அங்கே, சாலையோரத்தில் இடமிருந்தால் அங்கே, எதுவும் இல்லாத இடத்தில் சாலைக்கடியில் சுரங்கம் என்று மூன்றையும் பரிசீலிக்கிறார்கள். கான்கிரீட் கடனைக் குறைக்கும் வழி அது. மேலே ஓடினாலும் கீழே ஓடினாலும் வண்டி நிற்காமல் ஓடினால் போதும்.